மூன்று சமக்குறி

சமத்துவம் என்ற மாபெரும் கேள்விக்கு மனித குலம் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறது. கம்பாலாவின் மூன்றாம் மாடி அலுவலகம் ஒன்றில் மேலாளர் கிகுண்டு அதைக் கண்டுபிடித்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்: நிரலில் இரண்டு சமக்குறி போடாதே, மூன்று போடு. இரண்டு போட்டால் கணினி பூஜ்யத்தையும் காலியிடத்தையும் ஒன்றென்று நம்பிவிடும். இவர்கள் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்த நிரலில் நம்பித்தான் விட்டது. பிரசவ வார்டில் வயது பூஜ்யம் என்று பதிகிற பச்சைக் குழந்தைகளையெல்லாம் "வயதை நிரப்பவும்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிகிறது. ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் இரண்டே சமக்குறி போட்ட அந்த நிரல் வரியும், பக்கத்தில் அதை எழுதியவளாக நகிபூலேயின் பெயரும், கிகுண்டுவின் வெள்ளைச் சட்டைமேல் நெளிகின்றன. "ஏம்மா, இன்னொரு குறி போட்டா விரல் தேஞ்சிடுமா?" அறை சிரிக்கிறது. "பாவம் சார், சிக்கனம்" என்கிறான் பக்கத்து மேஜைக்காரன் ஒப்பியோ. போன மாதம் அவசரம் என்று அவளை எழுப்பிவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியைத் தட்டியவர் கிகுண்டுதான். கணினி அவளுடையது, அதனால் பெயரும் அவளுடையது. சொல்லிவிட நகிபூலே வாயைத் திறக்கிறாள். அவர் முழங்கைக்கு அடியில் அவளுடைய வேலை நீட்டிப்புக் கடிதம், ஆறிப்போன முட்டைச் சப்பாத்திக்குப் பக்கத்தில், கையெழுத்துக்காகக் கிடக்கிறது. "என் தப்புதான் சார்." "ஒத்துக்கிட்டே பாரு, அதுதான் குணம். கையெழுத்தை அடுத்த வாரம் பாக்கலாம். மொதல்ல ஒழுங்கா கத்துக்கோ." பேனாவை மூடிப் பையில் செருகிக்கொள்கிறார். நகிபூலே அவருக்கு நன்றி சொல்கிறாள்.