முதல் ரகம்

மகாராணிக்குத் தைக்கத் தெரியாது என்பதை மகாராணியிடம் யார் சொல்வது?

கலையரசி மதுரைவரை போய்ப் புத்தகங்கள் வாங்கி வந்ததே இந்த ஒரு சங்கடத்துக்காகத்தான்.

துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் குயில்ட் போர்வை வகுப்பை அவள் போடியில் நடத்திக்கொண்டிருந்தாள். இடம், ஏலக்காய் வியாபாரி மனைவி மகாராணியின் வீட்டு மாடி. வாடகை கிடையாது. மகாராணியின் மனம் கோணாமல் இருந்தால் போதும்.

போன மாதம் கோணிவிட்டது. நட்சத்திர டிசைன்தான் வேண்டும் என்று மகாராணி பிடிவாதமாகத் தைத்தாள். முடித்தபோது அது நட்டுவாக்காலி மாதிரி இருந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள்.

"மாடியில மூட்டை அடுக்கணும்னு அவுக சொல்லிக்கிட்டே இருக்காக" என்றாள் மகாராணி, அன்று மாலையே.

எனவேதான் மூன்று புத்தகங்கள். நேர்க்கட்டங்கள் ஒன்றில், முக்கோணங்கள் அடுத்ததில், நட்சத்திரமும் வளைவும் கடைசியில். முதல் புத்தகத்தின் அட்டையில் 'புதிதாகப் பழகுவோருக்கு' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன்மேல் தாள் ஒட்டி, 'முதல் நிலை' என்று நாசூக்காக எழுதினாள் கலையரசி. மற்றவை இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை.

மேஜையில் மூன்றையும் பரப்பினாள். "அவங்கவங்க கைப்பழக்கத்துக்குத் தக்கன..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே, மகாராணியின் கை மூன்றாவது புத்தகத்துக்கு நீண்டுவிட்டது.

அதற்குள் பின்னாலிருந்து ஒச்சம்மாள் எழுந்து வந்தாள். ஏலக்காய் ஸ்டோரில் ரகம் பிரித்துக் காய் பொறுக்குகிறவள். வகுப்பிலேயே சுத்தமான தையல் அவளுடையதுதான்.

"முதல் நிலைன்னா முதல் ரகம். இங்க முதல் ரகமாத் தைக்கிறது நாந்தேன்" என்று முதல் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

கலையரசிக்குப் பகீரென்றது. வகுப்பில் பாதிப் பேர் காய் பொறுக்குகிறவர்கள். அவர்களிடம் போய் 'முதல்', 'மூன்றாம்' என்று எழுதிக் காட்டியிருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் முதல் ரகம் வெளிநாட்டுக்குப் போகும். மூன்றாம் ரகம் டீக்கடைக்குப் போகும்.

மகாராணியின் கை பாதி வழியில் நின்றது.

"ஏன்டி, முதல் ரகம் உனக்கா? யார் வீட்டு மாடியில நின்னுக்கிட்டுப் பேசுறே?"

"மாடி உங்களுது மதினி. கை என்னுது."

"கொண்டாடி இங்க!"

ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒட்டியிருந்த தாளின் மூலை மெல்ல எழும்பியது. கலையரசி பாய்ந்து போய் அதை அழுத்தினாள். அந்த வேகத்தில் புத்தகம் மகாராணியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

"டீச்சரும் பெரிய வீட்டுப் பக்கந்தேன்" என்றாள் ஒச்சம்மாளோடு காய் பொறுக்கும் பேச்சி, எல்லோருக்கும் கேட்கும்படி.

கலையரசி மூன்றாவது புத்தகத்தை ஒச்சம்மாளிடம் நீட்டினாள். "அக்கா, இது உங்களுக்குன்னுதான்..."

"நான் மூணாம் ரகமா? நீயே வச்சுக்க தாயி. எனக்குச் சோலி கெடக்கு."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

மகாராணி முதல் பக்கத்தைப் பிரித்து, நேர்க்கட்டத்தைத் தடவிப் பார்த்தாள். "முதல் ரகம்னா சும்மாவா? பாரு, எவ்வளவு தெளிவாப் போட்டிருக்கான்!"

கலையரசி மூன்றாவது புத்தகத்தைப் பையில் வைத்தாள். உண்மையைச் சொன்னால் மாடி போய்விடும். சொல்லாவிட்டால் ஒச்சம்மாள் போய்விடுவாள். போடிமெட்டில் விடுதி நடத்துகிறவர் நட்சத்திரப் போர்வைகள் கேட்டிருக்கிறார். வகுப்புக்கு வந்த முதல் ஆர்டர். ஒச்சம்மாளை விட்டால் தைக்க ஆளில்லை.

மறுநாள் மூன்றாவது புத்தகத்தோடு ஒச்சம்மாளின் ஊரான சிலமலைக்குப் பஸ் ஏறினாள். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

ஒச்சம்மாள் வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கோவப்படாம கேளுங்க. முதல் நிலைன்னா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அது வந்து..."

"ஒண்ணாங்கிளாசு."

அடுத்த மொச்சையை உரித்துப் போட்டாள் ஒச்சம்மாள்.

"ஒண்ணாங்கிளாசு படிச்சுத்தான என் மகன் பத்தாங்கிளாசு போனான்? இது தெரியாதாக்கும் எனக்கு?"

"அப்புறம் எதுக்குக்கா அந்தச் சண்டை?"

"மகாராணி கை எந்தப் பொஸ்தகத்துக்குப் போச்சு, நீ பாக்கலையா? இன்னொரு நட்டுவாக்காலி தச்சிருக்கும். இன்னொருக்கா எவளாவது பல்லைக் காட்டியிருப்பா. அம்மாம்பெரிய வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆளில்லாமத்தான அது நம்மகூட வந்து உட்காருது? அதையும் வெரட்டவா?"

"நானே பக்குவமாச் சொல்லிக் கொடுத்திருப்பேனே..."

"நீ கொடுத்தா வாங்குமா? அடுத்தவ கக்கத்துல இருந்து புடுங்குனாத்தேன் அதுக்குப் பொருளு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள் ஒச்சம்மாள்.

"நாளைக்கு வர்றேன். ஆனா மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் உட்காருவேன். நீ நடுவுல வந்து சமாதானம் கிமாதானம் பண்ணிறாதே. அது ஒரு கட்டத்தையாவது நேராத் தைக்கிற வரைக்கும் எனக்குக் கோவம் தீரக்கூடாது."