கதவு திறக்கலைன்னா

"ரோபோ போய்ச் சேர்ந்து, கதவு திறக்கலைன்னா?"

கேட்டு முடித்த பிறகுதான் அறை அவ்வளவு அமைதியாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

திரைக்கு முன்னால் நின்றிருந்த ஜெபக்குமார் அவளைப் பார்த்தார். கோபமில்லை. காதில் சரியாக விழவில்லையோ என்பதுபோல் தலையை லேசாகச் சாய்த்தார்.

அவருக்குப் பின்னால், திரையில், அந்த விண்வெளித் தொலைநோக்கி.

பத்தொன்பது ஆண்டுகளாக மேலே சுற்றுகிறது. அதன் கண்ணாடியில் இன்னும் ஒரு குறையில்லை. அதைத் திருப்பி நிறுத்தும் சுழலிகள்தான் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. ஒரு ரோபோவை அனுப்பி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, புதிய சுழலிகளைப் பொருத்திவிடலாம் என்பது அவருடைய திட்டம். செலவு, புதிய தொலைநோக்கி ஒன்றின் விலையில் பாதி.

புதிய தொலைநோக்கி, அவளுடைய திட்டம்.

இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்க நிதிக்குழுவிடம் பணம் இல்லை.

அதுவரை அவர் எல்லோருக்கும் பதில் சொல்லியிருந்தார். "புதுசு மேல போக பத்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் எதை வச்சுப் பாக்கது?" என்று அவர் கேட்டபோது இரண்டு பேர் தலையாட்டினார்கள். குழுத்தலைவர்கூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் அவள் மைக்கை அழுத்தினாள்.

அந்தக் கதவைப் பற்றி அவருக்கிருந்த பயம் அறையில் வேறு யாருக்கும் தெரியாது.

போன வாரம் அவர் வீட்டில் சாப்பிடும்போது சொன்னார். அவர் மனைவி ரூபி அக்கா அவள் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்துக்கொண்டிருந்தாள். "வெயிலும் குளிருமா மாறி மாறி அடிச்சு, கதவுல ஒரு போல்ட்டு இறுகிப் போயிருக்குமோன்னு பயமா இருக்கு. உன்கிட்டதான் சொல்லுதேன்."

"அதெல்லாம் திறந்துரும் சார்" என்று அன்றைக்குச் சொன்னாள்.

இப்போது அவரும் அதையே சொல்லியிருக்கலாம்.

"தெரியலை" என்றார் ஜெபக்குமார்.

அப்படித்தான் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

கை தூக்கச் சொன்னார்கள். பழுதுபார்க்க அனுப்பலாம் என்பதற்கு ஒரே ஒரு கை. பணம் கேட்டு வந்தவர்களில் அவளும் ஒருத்தி என்பதால் அவளுக்கு வாக்கு இல்லை. தேவையும் இருக்கவில்லை.

வராந்தாவில் தேநீர் கொடுத்தார்கள்.

யாரோ வந்து, "ரொம்ப நல்ல கேள்வி மேடம்" என்றார்.

நல்ல கேள்விதான். யாராவது கேட்டிருக்க வேண்டியதுதான். அவ்வளவு செலவு செய்து, போய், கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்புவதா? அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தேநீரைக் குடிக்காமல் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தாள்.

ஜெபக்குமார் நேராக அவளிடம்தான் வந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். நாலு பேர் முன்னால், சத்தமாக.

"சார்..."

"நானே முதல்ல சொல்லியிருக்கணும்" என்றார். "சொல்லாம விட்டது என் தப்பு."

அவருடைய போன் அடித்தது. வீட்டிலிருந்து.

"இல்ல ரூபி. கிடைக்கல."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா, இங்கதான் நிக்கா."

மறுபடி கேட்டார். அவளைப் பார்க்காமல், கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவளும் நமக்காக எவ்வளவோ பேசிப் பாத்தா. என்ன செய்ய."

பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

"உன்கிட்ட பேசணுமாம்."

அவள் கை நீளவில்லை. அவர் நீட்டிய கையை மடக்கவுமில்லை. வாங்கிக் காதில் வைத்தாள்.

ரூபி அக்காவின் குரல் அடைத்திருந்தது. அழுதிருக்க வேண்டும்.

"ஏட்டி, நீயாவது இவங்க பக்கம் நின்னியே, அது போதும். இவங்க ஒண்ணையும் வெளிய காட்டிக்கிட மாட்டாங்க. இன்னைக்குத் தனியா விட்டுராத, கேட்டியா? கூடவே இரு."

ஜெபக்குமார் வராந்தாவின் மறுகோடிக்கு நடந்துபோய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"இருக்கியாட்டி?"

"இருக்கேன்க்கா" என்றாள்.