முப்பது இடைவெளிகள்

2014ஆம் ஆண்டு மே மாதம் ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல். இசிக்-குல் ஏரிக்கரையில் இருந்த பழைய ஓய்வு இல்லத்தின் இரும்புக் கதவு வெளிப்புறமாகப் பூட்டப்பட்டிருந்தது. வாசலில் துப்பாக்கியுடன் காவலர் நின்றார். உள்ளே இருந்தவர்களின் கைப்பேசிகள் எஃகுப் பெட்டியில் முத்திரையிடப்பட்டுக் கிடந்தன.

பொதுத் தேர்வின் வினாத்தாளைத் தயாரிப்பவர்கள், தேர்வு தொடங்கும் மணி அடிக்கும்வரை வெளியேறக் கூடாது என்பது விதி. தட்டச்சு செய்யும் பெர்மெத்துக்கு அந்த விதி அன்றுவரை உறுத்தியதில்லை.

மெய்ப்புப் பார்க்கும் குழுவின் தலைவி கலிமா, அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பெர்மெத்தின் ஊரான கராகோல் நகரில் அவரை அறியாதவர் இல்லை. பெயர்ப்பலகையில் பிழை கண்டால் கடைக்காரரை வெளியே அழைத்து நிற்கவைத்துச் சொல்பவர். மெய்ப்புப் பார்க்க அச்சிட்ட மாதிரித் தாள்கள் கட்டுப் பிரிக்காமல் மேசைமேல் இருந்தன. அவற்றின்மேல் தேநீர்க் கோப்பையையும் மூக்குக்கண்ணாடி உறையையும் வைத்தார். கண்ணாடி இல்லாவிட்டால் கலிமா உப்பையும் சர்க்கரையையும் நாக்கில் வைத்துத்தான் பிரித்தறிவார் என்று சமையலறையில் கேலி பேசுவார்கள்.

"ஏம்மா, படிச்சுப் பதில் சொல்ற பகுதிய எடு. தேடி மாத்துற பெட்டியத் திற."

"எதைத் தேடணும் அக்கா?"

"முற்றுப்புள்ளி, அதுக்குப் பின்னாடி ரெண்டு இடைவெளி. அதை ஒரே இடைவெளியா மாத்து."

பெர்மெத்தின் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் விடையான வாக்கியத்தின் முன்னால் ஓர் இடைவெளிக்குப் பதில் இரண்டு விட்டிருந்தவள் அவள்தான். அவளுடைய மகள் ஜிப்பெக் இந்தத் தேர்வைத்தான் எழுதப்போகிறாள்; தேர்வெழுதும் பிள்ளை வீட்டில் இல்லை என்று பொய்யாகக் கையொப்பமிட்டுத்தான் பெர்மெத் உள்ளே வந்திருந்தாள். உதவித்தொகையோடு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால், தந்தையைப் போல மகளும் மாஸ்கோவுக்குத் தரை துடைக்கப் போக வேண்டியதுதான்.

புறப்படுவதற்கு முந்தைய நாள், இருவரும் ஆட்டிறைச்சி வைத்து மந்தி என்னும் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, "எங்க இடைவெளி அகலமா இருக்கோ, அதுக்கு அடுத்த வாக்கியத்துலதான் விடை" என்று மகளிடம் சொல்லியிருந்தாள். ஜிப்பெக் பாதி பிடித்த மாவை அப்படியே வைத்துவிட்டு, மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"வாக்கியம் தனித்தனியாத் தெரியட்டும்னு விட்டேன் அக்கா. பசங்களுக்குப் படிக்க வசதியா இருக்கும்."

"வசதி வேணும்னா தலையணையோட வரச் சொல்லு. மாத்து."

பெர்மெத் தட்டினாள். தேடும் பெட்டியில் ஒற்றைப் புள்ளி மட்டுமே தெரிந்தது. அதன் பின்னால் இருந்த இரண்டு வெற்றிடங்கள் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தன. விசையை அழுத்தினாள்.

"என்ன சொல்லுது? வாய்விட்டுப் படி."

"முப்பது இடத்துல மாத்தியாச்சாம்."

"கேள்வி முப்பது, தப்பும் முப்பது. ரொம்ப ஒழுங்கான தப்புதான்." கலிமா ஒரு மிடறு தேநீர் குடித்தார். "இன்னொரு தடவை ஓட்டு. எங்கயாவது மூணு விட்டிருந்தா ரெண்டு மிஞ்சியிருக்கும்."

இரண்டாம் முறை, மாற்ற எதுவும் இல்லை என்று கணினி சொன்னது.

"நீ வரிகளை இடப்பக்கம் மட்டுந்தான ஒட்டி வெச்சிருப்ப? ரெண்டு ஓரமும் சமமா வை. விதி தெரியாதா உனக்கு?"

பெர்மெத் அதையும் செய்தாள். ஓரங்களைச் சமமாக்குவதற்காகக் கணினி சொற்களை இழுத்து விலக்கியிருந்தது. விடைக்குத் தொடர்பே இல்லாத வாக்கியங்களின் முன்னால் அகன்ற வெளிகள் வாய்பிளந்து நின்றன.

ஜிப்பெக் அவற்றைத்தானே நம்புவாள். தன் அறிவைக்கொண்டு எழுதினால் பாதிக்கு மேல் சரியாக எழுதக்கூடியவள், தாய் சொன்ன அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு முப்பதையும் தவறவிடுவாள். சன்னலுக்கு வெளியே, கம்பி வேலிக்கு அப்பால் ஏரி மின்னியது. காவலர் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தார். மகளுக்கு ஒரு சொல் அனுப்பக்கூட வழியில்லை.

கலிமா தம் முடிவுகளைச் சொன்னார். அச்சுக்கு முன்பே தட்டச்சுப் பிழைகள் திருத்தப்பட்டன என்று மட்டும் அறிக்கையில் எழுதப்படும். பெர்மெத் மற்றவர்களைப் போலவே தேர்வு தொடங்கும்வரை இங்கேயே இருப்பாள். அடுத்த ஆண்டு முதல் இந்த வேலைக்கு அழைக்கப்படமாட்டாள்.

பெர்மெத் நாற்காலியிலிருந்து நழுவி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, என்னை வேணும்னா போலீஸ்ல ஒப்படைங்க. ஒரே ஒரு போன் மட்டும் பண்ண விடுங்க. எம்பொண்ணு இந்தப் பரீட்சைய எழுதுறா. அம்மா சொன்னத நம்பாதடின்னு மட்டும் சொல்லிடறேன். இல்லன்னா அவ வாழ்க்கையே போயிடும்."

கலிமா உறையைத் திறந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். அன்று முதன்முறையாகத் திரையை நிமிர்ந்து பார்த்தார்.

"போன் எதுக்கு? நாம கிளம்புறதுக்கு முந்தின நாள் எங்கிட்ட வந்து சொன்னதே அவதான்."