எண்பத்தேழாவது ஆள்

படகில் ஏறியவர்கள் எண்பத்தேழு பேர். இறங்கியவர்கள் எண்பத்தாறு பேர்.

படகில் ஆள் எண்ணும் ஊழியரை எல்லோரும் ‘டிக்டிக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கையிலிருந்த எண்ணும் கருவியை மறுபடி பார்த்தார். அதே எண்பத்தாறுதான்.

துறைமுகத்தின் இரண்டு கரைகளுக்கும் நடுவே நூறு வருஷத்துக்கு மேலாகப் போய்வரும் பயணிகள் படகு அது. ஏறும்போது ஆளுக்கு ஒரு டிக், இறங்கும்போது ஆளுக்கு ஒரு டிக். இரண்டும் பொருந்தினால்தான் படகுத்துறையின் வெளிக்கதவைத் திறப்பார்கள். எந்தக் காலத்திலோ நடந்த விபத்துக்குப் பிறகு போட்ட விதி. தினமும் அரை நிமிஷத்தில் முடிகிற சமாச்சாரம் என்பதால் பயணிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. இன்றைக்குக் கதவு திறக்கவில்லை.

“என்னப்பா, எங்களை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போற ஐடியாவா?” என்றார் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

“ஒரு ஆள் குறையுதுங்க.”

சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

கேப்டன் படகு முழுக்கத் தேடச் சொன்னார். கழிவறை, இன்ஜின் அறை, பெஞ்சுக்கு அடியில், எங்கும் ஆள் இல்லை. சங்கை நீளமாக ஊதினார். துறைமுகமே ஸ்தம்பித்தது. உள்ளே வந்துகொண்டிருந்த பெரிய சரக்குக் கப்பல்கூட நின்றது. ரோந்துப் படகுகள் நாலாபக்கமும் பறந்தன.

பத்து நிமிஷம் பயம் இருந்தது. பதினோராவது நிமிஷம் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“இந்தாளு ஒண்ணு கூட அழுத்தியிருப்பான். அதுக்கு நாம எல்லாம் காவல் கிடக்கணுமா?” என்று முதலில் குரல் கொடுத்தவர் டை கட்டிய ஆசாமி. “பத்து மணிக்கு எனக்கு மீட்டிங். லேட்டா போனா என் மேனேஜர் என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாரு. கதவைத் திறய்யா!”

அப்புறம் கேட்கவா வேண்டும்? ஆளாளுக்குக் கத்தினார்கள்.

படகுத்துறை மேலாளர் டிக்டிக்கை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “இதோ பாரு, கை தவறி ஒண்ணு கூட அழுத்திட்டேன்னு எழுதிக் கொடுத்துடு. ஒரு மெமோவோட போயிடும். தேடிப் பார்த்து ஆள் இல்லேன்னு ஆச்சுன்னா, கப்பலை நிறுத்தினதுக்கு உன் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க.”

மேலாளர் பேனாவை நீட்டினார். டிக்டிக் அதை வாங்கவில்லை.

“தப்பில்ல சார். கடைசியா ஒருத்தர் மூச்சிரைக்க ஓடி வந்தாரு. நான்தான் சங்கிலியைத் தூக்கி உள்ள விட்டேன்.”

“முகம் ஞாபகம் இருக்கா?”

“நான் முகத்தைப் பார்க்க மாட்டேன் சார். வணக்கம், சௌக்கியமான்னு பேச்சு வந்தா எண்ணிக்கை போயிடும். காலைத்தான் பார்ப்பேன். அவரு ஒரு கால்ல கறுப்புச் செருப்பு, இன்னொண்ணுல பழுப்பு. மாத்திப் போட்டுட்டு ஓடி வந்திருக்காரு.”

எண்பத்தாறு பேரும் குனிந்து பார்த்தார்கள். தங்கள் காலை, பக்கத்தில் நிற்பவர் காலை. அப்படி ஒரு ஜோடி எங்குமே இல்லை. ஒரு பெண்மணி “ஐயோ கடவுளே” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

டை கட்டியவர் மட்டும் அசரவில்லை. “செருப்பு கலரைச் சொல்லிக் கப்பலை நிறுத்துறான், அதையும் வாயைப் பொளந்து கேட்டுட்டு நிக்கிறீங்க. அப்படியே விழுந்திருந்தாலும் தேடுறவங்க தேடட்டும். ஒருத்தனுக்காக எண்பத்தாறு பேர் பொழப்பு கெடணுமா?”

அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பலருக்குப் பட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், இரண்டு பேர் கையும் தட்டினார்கள்.

அப்போதுதான் ரோந்துப் படகு ஒன்று வேகமாக வந்து துறையை ஒட்டி நின்றது.

“உயிரோட இருக்காரு! மிதவைச் சங்கிலியைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தாரு. இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா அவ்வளவுதான்.”

போர்வையில் சுற்றி ஒரு முதியவரைத் தூக்கி வந்து பெஞ்சில் கிடத்தினார்கள். கண் திறக்க முடியவில்லை. பற்கள் தந்தியடித்தன. டிக்டிக் ஓடிப்போய் அவர் பாதங்களைப் பரபரவென்று தேய்த்துவிட்டார், தன் கண்ணில் பொலபொலவென்று வழிந்த நீரைத் துடைக்காமலே.

டை கட்டியவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் இருந்தார். “இல்ல சார், எவனோ ஒரு பெருசு தண்ணியில விழுந்துட்டான். காலங்காத்தால நமக்குன்னு வந்து வாய்க்குது பாருங்க...”

“ஐயா, எப்படி விழுந்தீங்க?” மேலாளர் குனிந்து கேட்டார்.

“பின்னாடி படியில நின்னு... எட்டி எட்டித் தேடிட்டு இருந்தேன். பெரிய அலை ஒண்ணு... தூக்கிப் போட்டுடுச்சு. கத்தினேன். இன்ஜின் சத்தத்துல யாருக்கும் கேக்கல.”

“யாரைத் தேடினீங்க?”

முதியவர் மூடியிருந்த வலது கையை மெல்ல நீட்டினார். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. மேலாளர்தான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளே ஓர் ஆபீஸ் அடையாள அட்டை இருந்தது.

அட்டையிலிருந்த போட்டோவைப் பார்த்த மேலாளர் தலை நிமிர்ந்தார். எதிரே போனோடு திரும்பிய டை கட்டியவரின் முகத்தைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

போனில் “ஹலோ... ஹலோ...” என்று மேனேஜர் கத்துவது எல்லோருக்கும் கேட்டது. டை கட்டியவருக்குக் கேட்கவில்லை.

“வீட்லயே வெச்சுட்டுப் போயிட்டாரு சார்...” கண்ணைத் திறக்காமலே முதியவர் மேலாளரின் சட்டையைப் பற்றிக்கொண்டார். “இது இல்லேன்னா ஆபீஸ்ல உள்ள விட மாட்டாங்க. எப்படியாவது கொடுத்துடுங்க. நான் விழுந்தது மட்டும் மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். பாவம், ஏற்கெனவே லேட்டாயிடுச்சேன்னு தவிச்சுட்டு இருப்பாரு.”