வாய் கோணிய வாளி

வாளித் தொழிற்சாலையில், ஒழுகுகிறதா என்று பார்க்க நல்ல வாளிகளில் தண்ணீர் பிடிப்பார்கள். அந்தச் சளசள ஓசை ஒரு நீல பிளாஸ்டிக் வாளிக்கு மறக்கவே இல்லை. வாய் கோணிப் பிறந்ததால் அதில் யாரும் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. நேராகக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே பக்கத்தில் ஒரு கிழட்டு லாரி டயர் கிடந்தது.

"நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் அரைச்சுச் சேர்த்து உருக்கப் போறாங்க, தங்கச்சி."

"நீங்க எங்கே உருகப் போறீங்க, அண்ணே? பிடிவாதக்காரர்."

"நீ மட்டும் என்ன, வளைன்னா ஒடிஞ்சிடுவே."

வாளி சிரித்தது. பிறகு மெல்லக் கேட்டது: "நம்மைச் சேர்த்து உருக்கின பட்டையை இழுத்துப் பார்ப்பாங்களாமே. பழையபடி சுருங்கலேன்னா அடுப்புதானாம். எனக்குத் திரும்பி வரத் தெரியாதே."

"எத்தனை குழியில அமுங்கி எழுந்தவன் நான். நீ உருகி என்னைக் கட்டிக்கோ, போதும். திரும்பி வர்றதை நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் சோதனை பார்க்கும் ஜெசிந்தா பட்டையை இழுத்து விட்டாள். அது திரும்பி வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை இழுத்தாள். அப்போதும் வந்தது.

இப்போது அவர்கள் ஒரு பூங்காக் குழாயின் வாஷராக இருக்கிறார்கள். யார் குழாயைத் திறந்தாலும், தண்ணீர் அவர்களைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.