பாதி விலைப் படகு

"இதுக்குப் பேரு படகாம்மா? அடியில ஒரு சிப்பிக் கடையே வைக்கலாம் போலிருக்கே!"

கண்டிராக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கரைக்கு இழுத்துப் போட்டிருந்த படகின் அடிப்பக்கம் முழுக்கப் பாசி, தாடி விட்டிருந்தது. தாடிக்கு அடியில் விரல் கனத்துக்குச் சிப்பி.

டெய்லரம்மா தலைகுனிந்து நின்றாள். கழுத்தில் அளவெடுக்கிற டேப் தொங்கியது. தையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நாலு வருஷமா தண்ணியிலேயே கிடக்குதுண்ணே. நான் இந்தப் பக்கமே வரலை."

"நாலு வருஷம்! புருஷன் ஆசையா வாங்கின பொருள். அவர் கண்ணை மூடினதும் அம்போன்னு விட்டுட்டீங்க. ஒரு பொருளை வெச்சுக் காப்பாத்தத் தெரியணும்மா."

"வாஸ்தவம்தாண்ணே" என்றாள்.

எதிர்க்கரையில் நடக்கும் கட்டட வேலைக்குத் தினமும் இருபது ஆட்களை ஏற்றிப்போக அவருக்குப் படகு வேண்டும். தன் செலவில் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்து பார்ப்பது, பலகை நன்றாக இருந்தால் அவள் கேட்ட விலையைக் கொடுப்பது என்று பேச்சு.

"நான் நாணயமான ஆளு. யாரை வேணா கேட்டுப் பாருங்க" என்று தனக்குத்தானே சர்டிபிகேட்டும் கொடுத்துக்கொண்டார்.

தச்சு மேஸ்திரியைக் கூட்டிவந்தார். கூலியை மிச்சம் பிடிக்கத் தானும் ஒரு தகட்டைக் கையில் எடுத்தார். இத்தனை வருஷமாக ஆட்களைச் சுரண்டியே பழகிய கை, முதல் தடவையாக ஒரு படகைச் சுரண்டியது. விரலெல்லாம் சிப்பி கீறி ரத்தம்.

மூன்றாம் நாள் பலகை தெரிந்தது. மேஸ்திரி உளியின் முனையை வைத்துக் குத்தினார். உளி எகிறியது.

"முதலாளி! அசல் தேக்கு. இன்னும் முப்பது வருஷத்துக்குக் கவலையில்லை. அந்தம்மா சொன்ன விலை கொள்ளை மலிவு."

"உஸ்! ஊருக்கே தண்டோரா போடாதே. சொத்தைன்னு சொல்லு, பாதி விலைக்கு முடிச்சுடலாம். உன்னையும் கவனிச்சுக்கறேன்."

"சொத்தைதானே? சொல்லிட்டாப் போச்சு" என்றார் மேஸ்திரி.

டெய்லரம்மா வந்தபோது கண்டிராக்டர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார்.

"மனசைத் தேத்திக்குங்கம்மா. மேஸ்திரி, நீயே சொல்லுப்பா."

"முழுக்கச் சொத்தைம்மா. தொட்டா உதிருது."

அவள் முகம் வெளுத்தது. "அப்போ ஆளுங்களை ஏத்தினா?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கண்டிராக்டர் வாயைத் திறந்தார்.

"நடுத்தண்ணியில பிளந்துக்கும்மா! இருபது பேரும் மேலோகம்தான். ஏதோ உங்க கஷ்டத்தைப் பார்த்துக் கேக்கறேன், பாதி விலைக்குக் கொடுத்துடுங்க."

"வேண்டாம்ணே. நான் விக்கலை."

"சரி, பாதிக்கு மேல கொஞ்சம் போட்டுத் தர்றேன்."

"விலையைக் கூட்டினா சாவு குறையுமாண்ணே?"

கண்டிராக்டர் பணத்துக்காகச் சட்டைப் பையில் விட்ட கையை வெளியே எடுத்தார்.

"எங்க வீட்டுக்காரர் போனது இந்தப் படகுல இல்லைண்ணே. அன்னிக்கு இதுல எஞ்சின் கோளாறு. வேற ஒருத்தர் படகுல போனார். 'பலகை கொஞ்சம் சொத்தைதான், ஒரு நடை தாங்கும்'னு சொல்லி ஏத்திட்டுப் போனாங்க. அவர் திரும்பி வரலை. அப்புறம் எந்தப் படகைப் பார்த்தாலும் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். அதான் இந்தப் பக்கமே வரலை."

சொல்லிவிட்டு மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இதைக் கவிழ்த்துப் போட்டுடலாம். கோழிங்க மழைக்கு ஒதுங்கும். அதுங்க போக வர இந்த இடத்துல ஒரு வாசல் அறுத்துடுங்க. தெரியாம யாரும் தண்ணியில இறக்கிடக் கூடாது பாருங்க."

மேஸ்திரி ரம்பத்தை எடுத்தார்.

தேக்கு மாளிகையில் கோழி! கண்டிராக்டர் பாய்ந்து வந்தார்.

"இரு, இரு! அம்மா, நீங்க கேட்ட முழு விலையையும் கொடுத்துடறேன்!"

"சொத்தைப் படகுக்கா?"

"சொத்தையெல்லாம் இல்லைம்மா. பலகை... பலகை நல்லாத்தான் இருக்கு. இரும்பு மாதிரி இருக்கு!"

பலகை நல்லது என்று சொல்ல வாய் வந்தது. முன்னே சொன்னது பொய் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"மேஸ்திரி, நீயாவது சொல்லேன்யா!"

மேஸ்திரி கூசாமல் நிமிர்ந்து நின்றார்.

"ஒரு தடவை சொத்தைன்னு சொன்னா சொத்தைதான் முதலாளி. மாத்தி மாத்திப் பேசினா என் தொழிலுக்கு என்ன மரியாதை?"

ரம்பம் பலகையில் ஏறியது. கண்டிராக்டர் அதன் குறுக்கே கையை நீட்டினார். விரலில் ரத்தம் காய்ந்திருந்தது.

"சத்தியமா சொல்றேம்மா, நல்ல பலகைம்மா!"

டெய்லரம்மாவின் கண் கலங்கிவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு பொம்பளை நஷ்டப்படக் கூடாதுன்னு முழு விலையும் தர்றேங்கறீங்க. அந்த மனசு யாருக்கு வரும்? ஆனா எனக்காகப் பொய் சொல்லாதீங்கண்ணே. பழக்கமில்லாததைச் செஞ்சா, பாருங்க, முகமெல்லாம் எப்படி வேர்த்துப்போச்சு!"