பின்னணிச் சத்தம்

ஹெட்போன் அவள் தலையில் நிற்கவில்லை. கொண்டை இடித்தது.

கொண்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

காலில் உப்பளத்துச் சேறு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. அரைநாள் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். உப்புக்காத்து வானொலிக்குப் பத்து வருஷம். நிலையத்தின் கதையை நிலையமே சொல்லப்போகிறதாம். முதல்நாள் மைக்கைப் பிடித்துப் பேசினவன் அவள் மகன் இசக்கிராஜ். ஆத்தாளையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லலாம் என்று ஆள் விட்டிருந்தார்கள்.

அவள் பேசுவதற்கு வரவில்லை.

மகன் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும்.

செத்து எட்டு வருஷம். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. குரல்தான் நழுவிவிட்டது. எவ்வளவு யோசித்தாலும் வேறு யாரோ பேசுகிறார்கள்.

“இசக்கிராஜ் அண்ணன் பேசுனது ஒண்ணுகூட இல்ல அத்த,” என்றாள் பிரின்சி. நிலையத்தில் இப்போது எல்லாம் இந்தப் பிள்ளைதான். “அப்ப ஒரே ஒரு மெமரி கார்டுதான. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை அழிச்சிட்டு அதுலயேதான் புதுசு ஏத்துவாவ.”

“ரெண்டு வருசம் பேசினாம்லா ஏட்டி?”

“ரெண்டு வருசமும் அழிச்சிருக்காவ.”

அவள் ஹெட்போனைக் கழற்றப் போனாள்.

“உங்க கொரலு இருக்கு அத்த.”

“நான் எப்பட்டி பேசுனேன்?”

“பேசல. அழுதிய.”

நிலையத்துக் கம்பத்தில் ஒயர் கட்ட விடிகாலையில் ஏறின இசக்கிராஜ் விழுந்து செத்தான். துட்டி கேட்க வந்த நிலையத்து ஆட்களில் ஒருவன் பதிவு செய்கிற மிஷினையும் கொண்டுவந்திருந்தான்.

“அத மட்டும் அழிக்கல. நாடகத்துல சாவு வந்தா, புயல் நிகழ்ச்சி வந்தா, அதத்தான் போடுதோம். அந்த மாதிரி அழ இப்ப ஆளு கெடையாது அத்த.”

அவளுக்கு உறைத்தது. அந்த அழுகையை அவள் கேட்டிருக்கிறாள். உப்பளத்தில் கஞ்சி குடிக்கும்போது, ரேடியோ நாடகத்தில். யார் பெத்த பிள்ளையோ, யார் ஆத்தாளோ என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் இன்னொன்றும் உறைத்தது.

எதையும் முந்தின நாள் சாயங்காலமே பேசிப் பதிந்துவைப்பது அங்கே வழக்கம். காலை பத்து மணிக்குத் தானாக ஓடும். அன்றைக்கு எல்லாரும் சாவு வீட்டில் கிடந்தார்கள். நிறுத்த ஒருத்தருக்கும் நினைவில்லை.

பத்து மணிக்கு, பிணத்தின் தலைமாட்டில், அலமாரி ரேடியோவில் அவன் பேசினான்.

வணக்கம். இது உங்கள் உப்புக்காத்து வானொலி. பேசுறது இசக்கிராஜ்.

அவள் பிணத்தின் மேல் விழவில்லை. ரேடியோவின் மேல்தான் விழுந்தாள்.

“போடுட்டி,” என்றாள். “அந்த அழுகையப் போடு.”

ரெண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

வந்தது. அவள்தான் அழுதாள். ராசா, ராசா என்று கூப்பிட்டாள். அந்த இடம்தான். அந்த இடத்தில்தான் அவன் வணக்கம் சொன்னான்.

ஒன்றுமில்லை. கிணற்றுக்குள் அழுவது போல அவள் குரல் மட்டும்.

“இதுல பொறத்தால ரேடியோ ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்திச்சே ஏட்டி?”

பிரின்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“ஆமா அத்த! யாரோ அமத்தாம வச்சிருந்திருக்காவ. ஒரே எடஞ்சலு. நான் வேலைக்கு வந்த புதுசுல மூணு நாளு உக்காந்து அந்தச் சத்தத்த மட்டும் எடுத்தேன். பழைய பதிவயும் தூக்கிப் போட்டாச்சு. இப்பப் பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு.”

அவள் கை ஹெட்போனை விட்டு இறங்கவில்லை.

“நல்லா இருக்கா அத்த?”

“இன்னொரு தடவ போடு.”

பிரின்சி போட்டாள்.

அழுகிறவள் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களில் எல்லாம், இவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.